பந்து வரும் நேரத்தில் பேச்சு எதற்கு? பயிற்றுநர் படிப்பை வகுப்போருக்கு ஒரு திறந்த மடல்

பயிற்றுநர் சான்றிதழ் படிப்புகளுக்குப் பாடத்திட்டம் வகுப்பவர்களுக்கும், களத்தோரம் நின்று மதிப்பெண் போடும் தேர்வாளர்களுக்கும்,

வணக்கம்.

செய்முறைத் தேர்வுத் தாளில் வழக்கமாக இடம்பெறும் ஒரு வரியைப் பற்றியது இந்த மடல். சொற்கள் படிப்புக்குப் படிப்பு மாறலாம், சாரம் ஒன்றுதான்: "பிழை நேர்ந்தவுடன் தெளிவான திருத்தம் சொன்னாரா?" சொன்னால் முழு மதிப்பெண். அதற்காகவே தேர்வு நாளில் எல்லோரும் தொண்டை வற்றக் கத்துகிறார்கள். உடலசைவைக் கற்பிக்கும் இடத்திலேயே அந்த வரி சந்தேகத்துக்குரியது. ஆட்டத்தில் முடிவெடுக்கக் கற்பிக்கும் இடத்தில் அது பெரும்பாலும் கேடு செய்கிறது. அதை எடுத்துவிட்டு வேறொன்றை வைக்கச் சொல்லித்தான் எழுதுகிறோம்.

முதலில் நேரக் கணக்கைப் பார்த்துவிடுவோம். மணிக்கு 140 கி.மீ. வேகத்தில் வீசப்படும் கிரிக்கெட் பந்து, கையை விட்டு மட்டையாளரை வந்தடைய ஏறத்தாழ அரை நொடி. வேகமாக உதைக்கப்பட்ட பெனால்டிப் பந்து 11 மீட்டரைக் கடக்கவும் அவ்வளவுதான், சில நேரம் அதைவிடக் குறைவு. ஒரே ஒரு தூண்டலைக் கண்டு ஒரே ஒரு எளிய அசைவைத் தொடங்கவே 0.2 நொடி போய்விடும். தேர்ந்தெடுக்க வேண்டிய வாய்ப்புகள் கூடக்கூட அந்த நேரமும் நீளும் என்பதை உளவியலாளர் ஹிக் 1952-இலேயே அளந்து காட்டிவிட்டார். மிச்சமுள்ள நேரத்தில், "அவர் தோள் திரும்பியிருந்தால் வலப்பக்கம், இடுப்பு திரும்பியிருந்தால் இடப்பக்கம்" என்று மனத்துக்குள் வாக்கியம் ஓட்டிப் பார்க்க இடமே இல்லை. பயிற்சியில் வாக்கியமாகக் கற்றவர் ஆட்டத்திலும் வாக்கியத்தைத்தான் தேடுவார். அது கிடைக்கும்போது பந்து போயிருக்கும்.

நாம் உறுதியாகச் சொல்லும் அறிவுரைகூடச் சரியாக இருக்கும் என்று சொல்வதற்கில்லை. "பந்தைக் கடைசி வரை பார்" என்பதைவிடப் பரவலான அறிவுரை கிரிக்கெட்டில் இல்லை. மைக்கேல் லேண்டும் பீட்டர் மெக்லியோடும் 2000-இல் மட்டையாளர்களின் கண்ணசைவை அளந்தபோது கண்டது வேறு. கையை விட்டு வரும்போது பந்தைப் பார்த்துவிட்டு, கண் அதை விட்டு விலகி, அது குத்தப்போகும் இடத்துக்கு முன்கூட்டியே தாவுகிறது. கூடுதல் திறமையுள்ளவரின் கண் இன்னும் சீக்கிரம் தாவுகிறது. அந்தப் பரவலான அறிவுரை இப்படித் தாவச் சொல்வதில்லை.

சொல்லிக்கொடுப்பது என்ன செய்கிறது என்பதை நேரடியாகச் சோதித்த ஆய்வுகள் பல உண்டு. பெரும்பாலோர் மேற்கோள் காட்டுவது ரிச் மாஸ்டர்ஸ் 1992-இல் வெளியிட்டது. கோல்ஃப் புட்டிங்கில், அதாவது பந்தைக் குழிக்குள் மெல்லத் தட்டி உருட்டுவதில், ஒரு குழுவுக்கு எழுத்தில் குறிப்புகள் தரப்பட்டன. இன்னொரு குழு குறிப்பே இல்லாமல், அடிக்கும்போதெல்லாம் எழுத்துகளைத் தாறுமாறான வரிசையில் சொல்லிக்கொண்டே பழகியது. சொற்களால் யோசிக்க மனத்தில் இடம் விடாமல் அடைப்பதுதான் அந்த ஏற்பாட்டின் நோக்கம். பிறகு பணமும் மதிப்பீடும் வைத்து நெருக்கடி கொடுத்தபோது, குறிப்பு படித்தவர்கள் தடுமாறினார்கள், படிக்காதவர்கள் தடுமாறவில்லை. ஆனால் பயிற்சிக் காலத்தில் குறிப்பில்லாக் குழு மெதுவாகத்தான் முன்னேறியது. இதை மறைத்துவிட்டு அந்த ஆய்வைப் புகழ்வது நியாயமில்லை. உங்கள் தேர்வுத் தாளின் சிக்கலும் இந்த மெதுவில்தான் ஒளிந்திருக்கிறது. அதற்குப் பின்னால் வருகிறோம்.

புட்டிங்கில் முடிவெடுக்க அதிகம் இல்லை. எங்கள் பேச்சுக்கு நெருக்கமானது டேபிள் டென்னிஸ். பூல்டன், மாஸ்டர்ஸ், மேக்ஸ்வெல் மூவரும் 2006-இல், பந்தை முன்னோக்கிச் சுழலவைக்கும் டாப்ஸ்பின் அடியைப் புதியவர்களுக்கு இரண்டு வகையில் கற்பித்தார்கள். ஒரு குழுவுக்கு உறுப்புறுப்பாகக் குறிப்புகள், மற்றக் குழுவுக்கு ஒரே ஓர் உவமை: செங்கோண முக்கோணத்தின் கர்ணத்தின் வழியே மட்டையை மேலேற்றுவது. அடியை மட்டும் பார்த்தால் இரு குழுவும் சமம். எந்தப் பக்கம் அடிப்பது என்ற சிக்கலான முடிவையும் சேர்த்தவுடன், குறிப்புக் குழுவின் அடி கெட்டது, உவமைக் குழுவின் அடி கெடவில்லை. காரணம் எளிது. குறிப்புகளைப் பிடித்துவைத்திருக்கும் அதே சின்ன மனமேடையில்தான் முடிவும் நடந்தேற வேண்டும், இரண்டுக்கும் இடம் போதவில்லை. அசைவை எப்படிக் கற்றுக்கொடுத்தோம் என்பதே பின்னாளில் முடிவைக் கெடுக்கலாம் என்பது பயிற்றுநர் படிப்பில் ஒரு முழு வகுப்புக்கு உரிய செய்தி.

அடுத்தது கண். டேனியல் மெம்மெர்ட்டும் பிலிப் ஃபர்லியும் 2007-இல் வெளியிட்ட கைப்பந்து (ஹேண்ட்பால்) ஆய்வில், எதிராளி ஒருவரைக் கவனிக்கும்படி குறுக்கிச் சொல்லப்பட்ட ஆட்டக்காரர்களில் பலர், பக்கத்தில் ஆளே இல்லாமல் நின்ற தங்கள் அணித்தோழரைக் காணாமல் விட்டார்கள். அவர் அவர்களுடைய பார்வை எல்லைக்குள்தான் நின்றார். சொல்லப்பட்டதைத் தேடிய கண்ணுக்குச் சொல்லப்படாதது படவில்லை. களத்தோரத்திலிருந்து "ஏழாம் நம்பரைப் பாரு, ஏழாம் நம்பரைப் பாரு" என்று கத்தும் பயிற்றுநர், ஏழாம் எண்ணைத் தவிர மற்ற எல்லோரையும் அந்த நொடியில் மறைத்துவிடுகிறார். பிறகு அவரேதான், "அங்கே ஒருத்தன் தனியா நின்னானே, கண் தெரியலையா?" என்றும் கேட்பார்!

இதுவரை எழுதியதை வைத்து, பேசாமலிருப்பதே நல்ல பயிற்சி என்று முடிவுகட்டிவிட வேண்டாம். அப்படி முடிவுகட்டியவர்களும் இருக்கிறார்கள். கோன்களை (எல்லை காட்டும் கூம்புகளை) பரப்பிவிட்டு, கைகட்டி நின்று, "ஆட்டமே ஆசான்" என்பார்கள். அது சோம்பல்.

மார்கஸ் ராப் 2003-இல் வெளியிட்ட சோதனைகள் இந்த இடத்தில்தான் முக்கியம். கூடைப்பந்து, கைப்பந்து, வாலிபால் சூழல்களில் யாருக்கு பாஸ், எப்போது ஷாட் என்ற முடிவுகளைச் சிலருக்கு விதியாகச் சொல்லியும், சிலரைச் சொல்லாமல் பழகவிட்டும் பார்த்தார். சூழல் எளிதாக இருந்தபோது சொல்லாமல் கற்றவர்கள் மேலாக இருந்தார்கள். சிக்கலாக இருந்தபோது சொல்லிக் கற்றவர்கள் மேலாக இருந்தார்கள். நம் வழக்கமோ இதற்கு நேர்மாறு. மூன்று பேர் இரண்டு பேரை எதிர்கொள்ளும் சின்ன ஆட்டத்தில், கண்ணுக்குப் பட்டவர்த்தனமாகத் தெரிகிற வெற்றிடத்துக்கு விளக்கவுரை ஆற்றுகிறோம். ஆறு பேரின் நகர்வு பின்னிக் கிடக்கும், பார்த்த மாத்திரத்தில் பிடிபடாத தடுப்பு அமைப்பு வரும்போது, "யோசிச்சு ஆடுப்பா" என்று விட்டுவிடுகிறோம்.

ஆகவே, பயிற்றுநர் தன்னிடமே கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி: இந்த முடிவுக்கான தடயம் ஆட்டக்காரரின் கண்ணுக்குத் தானாகவே படுமா? படும் என்றால் வாயை மூடிக்கொண்டு ஆட்டத்தை அமைக்க வேண்டும். படாது என்றால் சொல்லலாம். அப்போதும், பார்க்க வேண்டிய இடத்தைச் சொல்லிவிட்டு, பார்த்ததற்கு என்ன செய்வது என்பதை அவரிடமே விட வேண்டும். வாலிபாலில் வலையருகே குதித்துத் தடுக்கும் பிளாக்கருக்குப் பழக்கும் பார்வை வரிசை இதற்கு நல்ல மாதிரி: பந்து, செட்டர் (அடிப்பவருக்குப் பந்தை எழுப்பித் தருபவர்), மறுபடி பந்து, பிறகு அடிப்பவர். நான்கே சொற்கள். எங்கே குதிப்பது, எப்போது குதிப்பது என்பது அதில் இல்லை. அது நூற்றுக்கணக்கான செட்டுகளைப் பார்த்த உடலுக்குத் தானே வரும்.

சொல்லியே ஆக வேண்டியவையும் உண்டு. ஆட்ட விதியைக் கண்டுபிடித்துக் கற்க விடுவது நேர விரயம். கபடியில் தடுப்பவர்கள் ஆறு பேருக்குக் குறைந்தால் போனஸ் கோட்டைக் கடந்தும் பயனில்லை என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம். கால்பந்தின் ஆஃப்சைடும் அப்படியே. ரக்பியில் மடக்கிப் பிடிக்கும்போது தலையை எந்தப் பக்கம் வைப்பது என்பதை அனுபவத்தால் கற்கவிடுவது குற்றம். போட்டிக்கு முன் எதிரணியைப் பற்றி ஒன்றிரண்டு தகவல் சொல்லலாம், ஏழெட்டு சொன்னால் ஒன்றும் தங்காது.

இனி ஆட்டத்தை அமைக்கும் விதம். உங்கள் பாடத்திட்டத்தில் இது பெரும்பாலும் இரண்டு பக்கத்தில் முடிந்துவிடுகிறது, ஆனால் வேலை முழுக்க இங்கேதான். கால்பந்தில் ஓர் எளிய முடிவை எடுத்துக்கொள்வோம்: தடுப்பவர் பந்தை நோக்கி வந்துவிட்டால் பாஸ், வராவிட்டால் தானே பந்தோடு முன்னேறுவது. 20 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம், ஒரு முனையில் சின்ன கோல். தாக்க மூவர், தடுக்க இருவர். ஒரு சுற்று 3 நிமிடம், நடுவே 1 நிமிட ஓய்வு, மொத்தம் 5 சுற்று. வழக்கமான பயிற்றுநர் இந்த விதியைத் தாக்குபவர்களிடம் சொல்வார். நாங்கள் சொல்வது, தடுப்பவர்களின் காதில் சொல்லுங்கள். முதல் சுற்றில் இருவரும் பந்தை நோக்கிப் பாய வேண்டும். இரண்டாம் சுற்றில் ஒருவர் கோலைக் காக்க, மற்றவர் மட்டும் நெருக்க வேண்டும். மூன்றாம் சுற்று முதல், எப்போது எதைச் செய்வது என்பதை அவர்களே கண்ணால் பேசிக்கொண்டு மாற்றலாம். தாக்குபவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியது கோல் கணக்கு மட்டும்.

தவறுவது பெரும்பாலும் இந்த இடங்களில்தான். களம் மிகச் சிறியதாக இருந்தால் தடுப்பவர் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் நிற்பார், பாஸைத் தவிர வழியிருக்காது, வழி ஒன்றே என்றால் முடிவு என்று ஒன்றில்லை. மிகப் பெரியதாக இருந்தால் தடுப்பவர் இருந்தும் இல்லாதது போல. எங்கள் கைக்கணக்கு இது: ஒரு சுற்றில் தாக்குதல்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கோலானால் அகலத்தில் 2 மீட்டர் குறைக்கவும், மூன்றில் ஒரு பங்கும் ஆகாவிட்டால் 2 மீட்டர் கூட்டவும். தடுப்பவரை "சும்மா நில்லு, தொடாதே" என்று சொல்லிவைப்பது அடுத்த பிழை. அப்படி நிற்பவர் ஒரு கோன்தான். கோன் ஏமாற்றாது, எதிராளி ஏமாற்றுவார். தோளை ஒரு பக்கம் காட்டி மறுபக்கம் போகும் மனிதர் எதிரே இருந்தால்தான் எந்தத் தடயத்தை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்பது பிடிபடும்.

கூடுதல் புள்ளி வைப்பதில் எச்சரிக்கை வேண்டும். "ஐந்து பாஸுக்குப் பிறகு அடித்தால்தான் கோல்" என்று வைத்தால், நான்காம் பாஸில் கோல் திறந்துகிடந்தாலும் ஐந்தாவதுக்காகப் பந்தைத் திருப்பிக் கொடுப்பார்கள். வாயால் சொல்லாத விதி, புள்ளி வழியாக நுழைந்துவிட்டது! வாய்ப்பை அடைக்காத புள்ளியே நல்லது: கோலுக்கு ஒன்று, பந்து கிடைத்த 6 நொடிக்குள் போட்டால் இரண்டு. கடைசிச் சுற்றில் அந்தக் கூடுதல் புள்ளியை எடுத்துவிட்டுப் பாருங்கள். பழக்கம் நின்றால் கற்றிருக்கிறார்கள். உடனே மறைந்தால் புள்ளியைத் துரத்தியிருக்கிறார்கள்.

ஓய்வு நிமிடத்தில் ஒரே ஒரு கேள்வி போதும். "ஏன் அவனுக்குக் கொடுக்கவில்லை?" என்பது கேள்வி உடுத்திய கட்டளை. பிள்ளைகள் அதைச் சரியாகவே புரிந்துகொண்டு, அடுத்த சுற்றில் அவனுக்கே கொடுப்பார்கள். "பந்து வாங்குவதற்கு முன் என்ன பார்த்தாய்?" என்று கேளுங்கள். பதில் "பந்தைத்தான்" என்று வந்தால் உங்கள் வேலை என்னவென்று தெரிந்துவிட்டது. பதிலைத் திருத்த வேண்டாம், ஆட்டத்தை மாற்றுங்கள். இதையும் ஒவ்வொரு ஓய்விலும் கேட்டுக்கொண்டே இருந்தால், பயிற்றுநர் எதிர்பார்க்கும் விடையை ஊகிக்கும் விளையாட்டாக அது மாறிவிடும். ஐந்து சுற்றுக்கு இரண்டு முறை போதும்.

தனிநபர் ஆட்டத்திலும் இதே வழி செல்லும். டென்னிஸில் சர்வ் எந்தப் பக்கம் வரும் என்று முன்னறிவதை டேமியன் ஃபாரோவும் புரூஸ் அபெர்னெத்தியும் 2002-இல் வீடியோவால் பழக்கினார்கள். ஒரு குழுவுக்குத் தடயங்களைச் சொன்னார்கள். மற்றக் குழுவிடம் பந்தின் வேகத்தை மட்டும் ஊகிக்கச் சொன்னார்கள், திசையைப் பற்றிப் பேச்சே இல்லை. திசையை முன்னறிவதில் முன்னேறியது சொல்லப்படாத குழு. ஆனால் ஒரு மாத இடைவெளி விட்டுப் பார்த்தபோது அந்த முன்னேற்றம் தங்கவில்லை. ஆகவே இதை ஒரு வார முகாமில் திணித்துவிட்டு மறந்துவிடாமல், வாரந்தோறும் பத்து நிமிடமாக நீட்டிப்பதே உசிதம். செய்முறை: திருப்பி அடிப்பவரின் கண் உயரத்தில் கைப்பேசியை நிறுத்தி, மூன்று பேர் அடிக்கும் சர்வுகளை ஆளுக்கு 20 வீதம் படமெடுங்கள். மட்டை பந்தைத் தொடும் கணத்தில் ஒவ்வொரு துண்டையும் வெட்டி, வரிசையைக் கலைத்துவிடுங்கள். பார்ப்பவர் வாயால் சொல்லக் கூடாது, எழுந்து நின்று, போக வேண்டிய பக்கம் ஓர் அடி எடுத்து வைக்க வேண்டும். ஒரே ஆளின் சர்வை வைத்துப் பழக்கினால், அந்த ஒருவரைப் படிக்க மட்டுமே கற்பார்கள்.

இனி உங்கள் தேர்வுக்கு வருவோம். செய்முறைத் தேர்வு ஒரே அமர்வில், அரை மணி நேரத்தில் முடிகிறது. அந்த அரை மணியில் பிள்ளைகள் எவ்வளவு ஒழுங்காக ஆடுகிறார்கள் என்பதைத் தேர்வாளர் பார்க்கிறார். விடாமல் திருத்தம் சொன்னால் அந்த அரை மணி நன்றாகத்தான் இருக்கும். கேரோலி வின்ஸ்டீனும் ரிச்சர்ட் ஷ்மிட்டும் 1990-இல் காட்டியது நினைவிருக்கும்: ஒவ்வொரு முயற்சிக்கும், அது எவ்வளவு சரியாக அமைந்தது என்ற விடை சொல்லப்பட்டவர்களைவிட, பாதி முயற்சிகளுக்கு மட்டும் சொல்லப்பட்டவர்கள், விடையே சொல்லாத மறுநாள் சோதனையில் மேலாகச் செய்தார்கள். மாஸ்டர்ஸின் குறிப்பில்லாக் குழு பயிற்சியில் பின்தங்கியதையும் இதோடு வைத்துப் பாருங்கள். பயிற்சி வேளையில் தெரிவது வேறு, கற்றது வேறு. கத்தும் பயிற்றுநர் முதலாவதை உயர்த்துகிறார், நீங்கள் அளப்பதும் முதலாவதை மட்டும்தான். நல்ல மாணவப் பயிற்றுநர் ஒருவர் பொறுத்திருந்து, பிழைகள் நிகழவிட்டு, ஆட்டத்தை இரு முறை திருத்தி அமைத்தால், உங்கள் தாளில் அவர் "கவனக்குறைவு" என்று பதிவாகிறார். பெற்றோரும் அப்படித்தான் நினைப்பார்கள். அவர்களுக்குப் பருவத்தின் தொடக்கத்தில் ஐந்து நிமிடம் விளக்கிவிடலாம், தேர்வாளருக்கு விளக்க நேரமில்லை.

நாங்கள் கேட்கும் மாற்றம் சிறியது. அமர்வு தொடங்கும் முன் மாணவப் பயிற்றுநர் மூன்று வரி எழுதித் தரட்டும்: இன்று கற்பிக்கும் முடிவு எது, அதற்கான தடயம் எது, நான் வாயால் சொல்லப்போகாதது எது. மூன்றாவது வரியைத்தான் பெரும்பாலோரால் எழுத முடியாது. பந்து ஆட்டத்தில் இருக்கும்போது அவர் சொல்லும் கட்டளைகளை ஒருவர் எண்ணட்டும். மதிப்பெண் குறைக்க வேண்டாம், எண்ணை மட்டும் அவரிடம் காட்டுங்கள், போதும். ஒரு வாரம் கழித்து, அதே பிள்ளைகள் பயிற்றுநர் இல்லாமல் ஆடும் 10 நிமிட ஆட்டத்தைப் படமெடுத்து, பந்து கிடைத்த ஒவ்வொரு முறையும் எடுத்த முடிவு பொருத்தமா, பொருத்தமில்லையா என்று குறிக்கவும். பொருத்தமானவற்றை மொத்தத்தால் வகுத்தால் ஒரு விகிதம் வரும். இந்த வகை அளவுமுறை 1998 முதல் உடற்கல்வித் துறையில் புழக்கத்தில் இருக்கிறது, புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

குறிப்பவர்கள் இருவர் தனித்தனியாகக் குறிக்க வேண்டும். பாஸ் போய்ச் சேர்ந்ததா என்பதை வைத்து முடிவை எடைபோடுவதுதான் இதில் எல்லோரும் விழும் குழி. நல்ல முடிவு, கால் வழுக்கியதால் வீணாகலாம். மோசமான முடிவு, தடுப்பவர் தடுக்கி விழுந்ததால் கோலாகலாம். அதனால் பந்து காலை விட்டுப் புறப்படும் கணத்தில் படத்தை நிறுத்தி, அதற்குப் பின் நடந்ததைப் பார்க்கும் முன்பே குறித்துவிட வேண்டும். இருவர் குறிப்பும் அடிக்கடி முரண்பட்டால், "பொருத்தம்" என்பதற்கு நீங்கள் எழுதிவைத்த விளக்கம் தெளிவாக இல்லை என்று பொருள்.

எல்லாப் படிப்பிலும் ஒரே நாளில் மாற்றச் சொல்லவில்லை. அடுத்த தேர்வில் மாணவப் பயிற்றுநர்களைச் சீட்டுப் போட்டு இரண்டாகப் பிரியுங்கள். பாதிப் பேருக்குப் பழைய தாள், பாதிப் பேருக்குப் புதிய தாள், எந்தத் தாள் தனக்கு என்பது அவர்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கட்டும். ஒரு வாரம் கழித்து நடக்கும் பயிற்றுநர் இல்லா ஆட்டங்களை, எந்தக் குழு யாருடையது என்று அறியாத இருவரிடம் கொடுத்துக் குறிக்கச் சொல்லுங்கள். பழைய தாளுக்குப் பயிற்சி கொடுத்தவர்களின் பிள்ளைகள் அதிலும் மேலாக முடிவெடுத்திருந்தால், அந்த வரி அப்படியே இருக்கட்டும். நாங்கள் மறுபடி எழுத மாட்டோம்.

இப்படிக்கு,
இளையோர் விளையாட்டுப் பயிற்சியில் பணிபுரிவோர் சிலர்